9 அங்குலக் குழாயும் 12 மாடியும்

போன இதழில் வடிகான் பற்றி நாலு வரி எழுதியதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நான் நினைக்கவில்லை. ஆசிரியருக்கும் ஆச்சரியம்தான். எல்லாமே கழிவுநீர்க் கேள்விகள், அதனால் சாப்பிட்டு முடித்துவிட்டு வாசியுங்கள்.

ஐயா, நாங்கள் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஓர் ஒழுங்கையில் இருக்கிறோம். பக்கத்துப் பழைய வீட்டை இடித்து 12 மாடித் தொடர்மாடி கட்டினார்கள். அதற்குப் பிறகு பெருமழை நேரத்தில் எங்கள் கீழ்வீட்டுக் குளியலறைக்குள் கழிவுநீர் பொங்கி வருகிறது. இத்தனை மாடிக்கு அனுமதி கொடுத்தவர்கள் குழாயைப் பற்றி யோசிக்கவே இல்லையா?
– வாசகி, கொழும்பு 6

அம்மா, உங்கள் கடிதத்தில் முக்கியமான சொல் "12 மாடி" இல்லை, "பெருமழை". ஏன் என்று கணக்குப் போட்டே பார்ப்போம்.

மாடிக்கு 2 வீடு, மொத்தம் 24 வீடு, வீட்டுக்கு 4 பேர் என்றால் 96 பேர். ஒருவர் நாளுக்கு 150 லீற்றர் தண்ணீர் பாவிக்கிறார், அதில் 80 வீதம் கழிவாகப் போகிறது என்று வையுங்கள், ஆளுக்கு 120 லீற்றர். முழுக் கட்டடத்துக்கும் நாளுக்கு 11,520 லீற்றர். பெரிய எண் மாதிரித்தான் இருக்கும். ஆனால் காலையில் எல்லோரும் ஒன்றாகக் குளிக்கிற நேரத்தை நினைத்துச் சராசரியை நாலால் பெருக்கினாலும் செக்கனுக்கு அரை லீற்றரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். 150க்கு 1 என்ற சரிவில், அதாவது 150 மீற்றர் போக 1 மீற்றர் இறங்கும்படி, ஒழுங்காகப் போட்ட 9 அங்குலக் குழாய், பாதி நிரம்பி ஓடினாலே செக்கனுக்கு 18 லீற்றர் அளவு கொண்டுபோகும். அதாவது இந்த மாதிரி முப்பது கட்டடத்துக்கு மேல் அது தாங்கும்.

இப்போது மழையைப் பாருங்கள். உங்கள் ஒழுங்கையில் யாரோ ஒருவர், 10 பேர்ச் காணிக்காரர், கூரைப் பீலியையும் சீமெந்து போட்ட முற்றத்தையும் கழிவுநீர் லைனுக்குள் விட்டிருக்கிறார் என்று வைப்போம். 10 பேர்ச் என்பது ஏறக்குறைய 250 சதுர மீற்றர். மணித்தியாலத்துக்கு 50 மில்லிமீற்றர் மழை கொழும்புக்குப் புதிதில்லை. அந்த ஒரு மணித்தியாலத்தில் அந்த ஒரே காணியிலிருந்து 12,500 லீற்றர் குழாய்க்குள் இறங்கும். 96 பேர் ஒரு நாள் முழுக்க விட்டதை விடக் கூட! அப்படி ஐந்தாறு வீடு இருந்தால் முப்பது தொடர்மாடிக்குப் போதுமான இடம் நிரம்பிவிடும். பிறகு எங்கே போகும்? ஆகத் தாழ்வான வாய் எதுவோ அதன் வழியாக மேலே வரும். உங்கள் குளியலறை அதுதான்.

புதுக் கட்டடத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அதன் மொட்டைமாடித் தண்ணீரும் வாகனத் தரிப்பிடத் தண்ணீரும் எங்கே போகின்றன என்று கட்டாயம் கேளுங்கள், அதுவே குற்றவாளியாக இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்கப் புகைச் சோதனை என்று ஒரு வழி இருக்கிறது: மேன்ஹோலுக்குள் புகையை ஊதினால், மழைநீர் எந்தக் கூரையிலிருந்து லைனுக்குள் வருகிறதோ அந்தப் பீலியிலிருந்து புகை கிளம்பும். முழு ஒழுங்கையும் வாசலில் நின்று பார்க்கும், பொய் சொல்ல முடியாது. என் சொந்த வீட்டிலேயே பின்முற்றத்து மழைத்தண்ணீரை மேசன் கழிவுநீர்ப் பொறிக்குள் திருப்பிவிட்டிருந்ததை ஏழு வருடம் கழித்துத்தான் நான் கண்டேன், இந்தத் தொழிலில் இருந்துகொண்டே. நீங்களும் முதலில் உங்கள் வீட்டுப் பீலியைப் பாருங்கள், கோபிக்க வேண்டாம். அப்புறம், கீழ்வீட்டு லைனில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் ஒருவழி வால்வு ஒன்று போட்டுவிடுங்கள். அது பொதுக் குழாயைத் திருத்தாது, ஆனால் உங்கள் தரையைக் காப்பாற்றும்.

அனுமதி விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம்தான். ஒவ்வொரு கட்டடமாகப் பார்த்தால் எதுவுமே பெரிய பாரம் இல்லை, எல்லாவற்றுக்கும் "சரி" என்றுதான் எழுதலாம். முப்பத்தைந்தாவது கட்டடம் வரும்போதுதான் அடி விழும், அதுவும் அந்த விண்ணப்பத்துக்கு மட்டும் இல்லை, முழு வீதிக்கும். அதனால் ஒவ்வொரு லைனுக்கும் வங்கிப் புத்தகம் மாதிரி ஒரு கணக்கு வேண்டும்: இவ்வளவு கொள்ளும், இவ்வளவு கொடுத்தாகிவிட்டது, மிச்சம் இவ்வளவு. அனுமதி கொடுத்த அன்றே அதில் கழிக்க வேண்டும். கட்டி முடித்து ஆட்கள் குடிவந்த பிறகு கழித்தால் பிந்திவிட்டது.

எப்படியும் நகரம் வளரத்தானே போகிறது? ஒரேயடியாக நாலு மடங்கு பெரிய குழாயாகப் போட்டுவிட்டால் என்ன? ஏன் அடிக்கடி வீதியைத் தோண்டுகிறார்கள்?
– கொட்டாஞ்சேனை வாசகர்

பாதி சரி. வீதிக்குக் கீழே குழாய் போடும்போது குழாயின் விலை சின்னப் பங்குதான். தோண்டுவது, பக்கமண் சரியாமல் பலகை அடிப்பது, ஊறிவரும் தண்ணீரை இறைப்பது, காலி வீதி மாதிரி வாகனம் நிறைந்த இடமென்றால் இரவு வேலை, பிறகு தார் போடுவது, இவைதான் காசைத் தின்னும். 9 அங்குலத்துக்குப் பதில் 12 அங்குலம் போட்டால், அதே சரிவில் கொள்ளளவு இரண்டு மடங்குக்கும் மேல். செலவு அந்த அளவுக்கு ஏறாது. அதனால் சந்தேகம் வந்தால் ஒரு அளவு கூட்டிப் போடு என்று நானும் சொல்வேன்.

ஆனால் 9 அங்குலம் போதுமான இடத்தில் 36 அங்குலம் போட்டீர்கள் என்றால் வேறு சனி பிடிக்கும். கழிவுநீர் செக்கனுக்கு 0.6 மீற்றர் வேகத்திலாவது நாளில் ஒரு தடவை ஓட வேண்டும், அப்போதுதான் அடியில் படிவதை அதுவே கழுவிக்கொண்டு போகும். பெரிய குழாயில் கொஞ்சத் தண்ணீர் தவழ்ந்து போனால் மண்டி தங்கும், அழுகும், கூழ்முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைட் கிளம்பும். அது குழாயின் மேல்பக்க ஈரத்தில் படிந்து, பக்ரீரியாவின் உதவியோடு கந்தக அமிலமாகி, கொங்கிறீட்டைத் தின்னும். நம்முடைய வெக்கைக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். முப்பது வருடம் கழித்து வரப்போகிற ஆட்களுக்காகப் போட்ட குழாய், அவர்கள் வருமுன்னே கூரை இல்லாமல் போகும்.

19ஆம் நூற்றாண்டு லண்டனில் இதற்கு ஒரு கெட்டிக்கார விடை இருந்தது. 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் நாடாளுமன்றத்தையே உலுக்கிய பிறகு ஜோசப் பசல்கெட் கட்டிய வடிகால்களில் பல முட்டை வடிவம், ஒடுங்கின பக்கம் கீழே. கொஞ்சத் தண்ணீர் வந்தாலும் ஒடுங்கின அடியில் வேகமாக ஓடும், நிறைய வந்தால் மேலே இடம் இருக்கும். ஆனாலும் அங்கே மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகிற ஏற்பாடு. அதனால்தான் இந்தக் காலத்தில் 25 கிலோமீற்றர் நீளத்துக்கு, 7.2 மீற்றர் விட்டத்தில், தேம்ஸுக்குக் கீழே இன்னொரு சுரங்கம் வெட்ட வேண்டி வந்தது.

திரும்பத் தோண்ட முடியாததைப் பெரிதாகச் செய்யுங்கள், பிறகு சேர்க்கக்கூடியதற்கு இடத்தை மட்டும் விட்டுவையுங்கள். குழாயை 40, 50 வருடத்துக்கு யோசிக்கலாம். பம்ப் 15 வருடத்தில் எப்படியும் மாற வேண்டியது, அதற்கு இன்றே 2060ஆம் ஆண்டின் பம்ப் வேண்டாம், மூன்றாவது பம்ப் வைக்கச் சீமெந்து மேடை ஒன்று வெறுமையாக இருந்தால் போதும். காணிதான் முதலில் வாங்க வேண்டியது. கொழும்பில் பம்ப் வீட்டுக்கென்று பிறகு 20 பேர்ச் தேடிப் பாருங்கள், தெரியும்.

மொரட்டுவையில் பொறியியல் படிக்கிறேன். குடிசன மதிப்பீட்டு எண்களை வைத்து வளைகோடு வரைந்து 30 வருடத்துக்கு நீட்டினால் எதிர்காலக் கழிவுநீர் அளவு கிடைத்துவிடும் அல்லவா?
– மாணவன்

தம்பி, பரீட்சையில் புள்ளி கிடைக்கும். கொழும்பு மாநகர எல்லைக்குள் 2012 கணக்கெடுப்பில் இருந்தது ஐந்தரை இலட்சத்துக்குச் சற்று மேல், நிலப்பரப்பு ஏறக்குறைய 37 சதுர கிலோமீற்றர். ஆனால் அந்த எண் இரவில் இங்கே படுப்பவர்களின் எண். பகலில் ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து இறங்குகிற கூட்டம் அதில் இல்லை. புறக்கோட்டையில் படுப்பவர்களை மட்டும் எண்ணிக் குழாய் போட்டால் பத்து மணிக்கே கதை முடிந்துவிடும். கடலை நிரப்பி 269 ஹெக்டெயரில் துறைமுக நகரம் வரும் என்று எந்த வளைகோடும் சொல்லியிருக்காது, அது ஒரு தீர்மானம், போக்கு இல்லை.

அதனால் ஆட்களை விட்டுக் காணியைப் பிடி. எந்த வீதியில் எத்தனை மாடி கட்டச் சட்டம் இடம் கொடுக்கிறது, அதில் எவ்வளவு உண்மையில் எழும்பும், அலுவலகமா வீடா ஹோட்டலா என்று பார். ஆட்கள் கூடாமலே பாவனை கூடலாம், துணி துவைக்கும் மெஷினும் தண்ணீர் சூடாக்கியும் வந்த வீட்டுப் பில்லைப் பார்த்தால் புரியும். இன்னொன்று, ஆட்கள் இரட்டித்தால் உச்சப் பாய்ச்சல் இரட்டிக்காது. ஹார்மன் சூத்திரம் படித்திருப்பாய், அதன்படி 1,000 பேருக்கு உச்சம் சராசரியின் 3.8 மடங்கு, ஒரு இலட்சம் பேருக்கு 2 மடங்குதான், ஏனென்றால் எல்லோரும் ஒரே நிமிடத்தில் குளிப்பதில்லை. ஆகவே ஒழுங்கைக் குழாயும் பிரதான குழாயும் ஒரே மாதிரி நெருக்கடிக்கு வராது. ஒரே எண் சொல்லாதே, குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று சொல்லி, எது நடந்தாலும் வருந்தாத வேலையை முதலில் செய்யச் சொல்.

எங்கள் வீட்டுச் செப்டிக் டேங்க் நன்றாகத்தான் இருக்கிறது. பொது லைன் வந்தால் இணையத்தான் வேண்டுமா?
– தெஹிவளை

இணையுங்கள். வளர்ச்சிக்கென்று பெரிதாகப் போட்ட லைனில் பாதிப் பேர் இணையாவிட்டால், மேலே சொன்ன மண்டிக் கதைதான். இணைக்கும்போது டேங்கைப் பவுசர் வைத்து உறிஞ்சி எடுத்து, மணல் போட்டு மூடுங்கள்.

கடைசியில் கடலுக்குத்தானே போகிறது! கடல் நிரம்பவா போகிறது, பிறகு கொள்ளளவு என்ன கதை?
– முகத்துவாரம் வாசகர்

கடல் நிரம்பாது, கடலுக்குப் போகிற வழி நிரம்பும். ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய நகரக் குழாய் வலையமைப்பு உங்கள் பக்கம் ஒன்றும் வெள்ளவத்தையில் ஒன்றுமாக இரண்டு நீண்ட குழாய்கள் வழியாகக் கடலுக்குள் போகும்படி அமைந்தது. ஆனால் கொழும்பு தட்டையான ஊர். 200க்கு 1 சரிவு வைத்தாலே கிலோமீற்றருக்கு 5 மீற்றர் கீழே இறங்க வேண்டும், இரண்டு கிலோமீற்றர் போனால் கடல் மட்டத்துக்குக் கீழே, தண்ணீர் ஊறும் மணலுக்குள் நிற்பீர்கள். அதனால் இடையிடையே பம்ப் வைத்துத் தூக்கித் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும். எந்தப் பம்ப் திணறுகிறதோ அதற்குப் பின்னால் உள்ள அத்தனை வீதியும் திணறும். சுத்திகரிக்காமல் கடலில் விடுவது சரியா என்பது தனிக் கேள்வி, எனக்கு அதில் உடன்பாடில்லை.

எங்கே கொள்ளளவு முடிகிறது என்று தெரிந்துகொள்ளப் கணினியில் பெரிய மாதிரியுரு எதுவும் செய்யாமலே ஒரு வழி உண்டு. பம்ப் வீட்டில் எத்தனை மணிக்குப் போட்டோம், எத்தனை மணிக்கு நிறுத்தினோம் என்று எழுதுகிற கொப்பி ஒன்று இருக்கும். பம்ப் மழையில்லாத நாளில் 9 மணித்தியாலமும் ஐப்பசி மழையில் 22 மணித்தியாலமும் ஓடினால் புதுக் குழாய்க்குக் கேள்விப்பத்திரம் போட வேண்டாம், பீலிகளைத் தேடிப் போங்கள். மழையில்லாத நாளிலேயே 18, 19 என்று வருடா வருடம் ஏறினால் அது ஆட்கள், அப்போது அந்தப் பக்கத்துக்கு இனி மாடி அனுமதி கொடுக்குமுன் மூன்றாவது பம்பை இறக்குங்கள்.

அடுத்த இதழில் நுளம்பு. கடிதங்களைக் கொஞ்சம் சுருக்கி எழுதுங்கள்.