மாநாட்டுக்குக் காசு கட்டிப் போய் ஆய்வு மாணவருக்கு என்ன கிடைக்கிறது?

எல்லாக் கட்டுரையும் இணையத்திலேயே கிடைக்கிறதே, பிறகு எதற்கு மாநாடு என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், நாலு பேர் முன்னால் அசடு வழியத்தான். கிண்டலாகச் சொல்லவில்லை.

மலேசியாவின் பினாங்கில் நான் மருந்தியல் முதுகலை படித்தபோது, இங்கேயே ஒரு ஹோட்டலில் மருந்து வளர்சிதை மாற்றம் பற்றி மூன்று நாள் மாநாடு நடந்தது. விழுங்கிய மருந்தை உடம்பு எப்படி உடைத்து வெளியே தள்ளுகிறது என்று பார்க்கும் துறை இது. பாதிப் பேச்சு கல்லீரலில் இருக்கும் சைட்டோகுரோம் பி450 நொதிகளைப் பற்றியே இருக்கும். (கார்பன் மோனாக்சைடோடு சேர்ந்தால் 450 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சுவதால் அந்தப் பெயர். ரொம்ப நாள் நான் அதை ஏதோ வரிசை எண் என்றே நினைத்திருந்தேன்.) கட்டணம் என் உதவித்தொகையில் பாதியைத் தின்றுவிட்டது.

அங்கே நான் ஒட்டிய போஸ்டர், அதாவது ஆய்வை ஒரே தாளில் சுருக்கிக் காட்டுவது, கெத்தும் (கிராடோம்) இலையைப் பற்றியது. கெடா பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இலையைக் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு வெயிலில் வேலைக்குப் போவார்கள். என் தாத்தாவும் குடித்திருக்கிறார், பாட்டிக்குத் தெரியாமல். அதிலுள்ள மித்ராஜினைன் இங்கே 1952-ஆம் ஆண்டின் நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. ஆனாலும் குடிப்பவர்கள் குடிக்கிறார்கள், கூடவே பிரஷர் மாத்திரையும் போடுகிறார்கள். ஏறக்குறைய பாதி மருந்துகளைக் கையாளும் 3ஏ4 என்ற பி450 நொதியை இந்த இலைச்சாறு தடுக்கிறதா என்பதுதான் என் கேள்வி. மைனஸ் 80 டிகிரியில் வைத்த கல்லீரல் மைக்ரோசோமை (கல்லீரல் செல்லை உடைத்துப் பிரித்தெடுத்த, இந்த நொதிகள் இருக்கும் பகுதி) எடுத்து, 3ஏ4 மாற்றக்கூடிய டெஸ்டோஸ்டிரோனும் இலைச்சாறும் சேர்த்து, 37 டிகிரியில் வைத்து, டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளப்பேன். எட்டு மாத வேலை. தடுப்பு பலமாகத் தெரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மேடைப் பேச்சுகளில் மனதில் நின்றது ஒன்றுதான், அதுவும் பழைய கதை. 1980-களின் கடைசியில் கனடாவில் ஃபெலோடிபைன் என்ற பிரஷர் மாத்திரையோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். மதுவின் சுவை தெரியாமலிருக்க கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்து கொடுக்க, ரத்தத்தில் மருந்து எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஏறியது. காரணம் மதுவல்ல, அந்தச் சாறு. குடலிலுள்ள 3ஏ4-ஐ அது முடக்கிவிடுகிறது. பேச்சு முடிந்து தேநீர் இடைவேளைக்கு வந்தால் மேசையில் உரித்த பம்பளிமாஸ்! அதுவும் அதே வகைக் காரியம் செய்யக்கூடிய பழம்தான். கொலஸ்ட்ரால் மாத்திரை போடும் ஒரு பேராசிரியர் தட்டைப் பார்த்துவிட்டுப் பப்பாளிப் பக்கம் போனார்.

சரி, போஸ்டருக்கு வருகிறேன். முதல் ஒரு மணி நேரம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அப்புறம் ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா வந்து நின்றார். ஹைதராபாத்தில் மருந்து நிறுவனத்தில் வேலையாம், சொந்த ஊர் மதுரை. கண்ணாடியை ஏற்றிவிட்டு வரைபடத்தை விரலால் தொட்டுக்கொண்டே பார்த்தார்.

“சாறை எதுலம்மா கரைச்சே?”

“டிஎம்எஸ்ஓ-ல, மேடம்.”

“கடைசியில எவ்வளவு இருக்கும்?”

“ஒரு சதவீதம்.”

“கன்ட்ரோல்லயும் அதே ஒரு சதவீதம் போட்டியா?”

நான் போடவில்லை. சாறு சேர்க்காமல் ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் கன்ட்ரோல் குழாயில் வெறும் பஃபர் கரைசல்தான் ஊற்றியிருந்தேன். டிஎம்எஸ்ஓ ஒரு கரைப்பான்தான், ஆனால் 0.2 சதவீதத்திலேயே 3ஏ4-ஐ அமுக்கக்கூடியது. அப்படியென்றால் நான் எட்டு மாதம் அளந்ததில் இலை எவ்வளவு, கரைப்பான் எவ்வளவு? அவர் சத்தம் போடவில்லை. “எனக்கும் ஒருத்தர் இப்படித்தான் சொன்னாரு” என்று சொல்லி, டிஷ்யூ பேப்பரில் குழாய்களை வரைந்து, எதில் எதை ஊற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். பக்கத்துப் போஸ்டர் பையன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

நீங்கள் சொல்லும் இணையத்தில் இது இல்லையா? இருக்கிறது. நான் படித்த கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் ‘கரைப்பான் மட்டும் சேர்த்த கன்ட்ரோல்’ என்று அரை வரி வரும். கண் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். என் குழாயில் என்ன இருக்கிறது என்று எந்தக் கட்டுரையும் என்னைத் திருப்பிக் கேட்டதில்லை.

திரும்ப வந்து டிஎம்எஸ்ஓ-வைக் குறைத்து, இரண்டு பக்கமும் சமமாக ஊற்றி மறுபடி செய்தேன். தடுப்பு இருந்தது, ஆனால் முதலில் பார்த்ததைவிட வெகு குறைவு. ஆய்வேட்டின் தலைப்பிலிருந்து ‘வலுவான’ என்ற சொல்லை எடுத்துவிட்டேன். புது வரைபடத்தை அந்த அம்மாவுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். நன்றாயிருக்கிறது என்று ஒரு வரி. அதற்குக் கீழே: “எல்லா இலையும் ஒரே மரத்துல பறிச்சதா?”

ஒரே மரம்தான்.