அடிமீன்களுக்கு இரண்டாம் பந்தி

கேள்வி: மூன்றடி மீன் தொட்டியில் கப்பியும் மோலியும் வளர்க்கிறோம். அடியில் சேரும் கழிவைத் தின்று சுத்தமாக வைக்கும் என்று சொன்னார்கள் என்பதால் ஆறு கோரிடோரஸ் மீன்களும் ஒரு சக்கர் மீனும் வாங்கி விட்டோம். இரண்டு மாதத்தில் இரண்டு கோரிடோரஸ் செத்துவிட்டன, மற்றவையும் மெலிந்து தெரிகின்றன. தினமும் இரண்டு வேளை தீவனம் போட்டும் ஏன் இப்படி?
- வாசகர், குழித்துறை

பதில்: நீங்கள் போடும் தீவனம் அவற்றின் வாய்க்குப் போய்ச் சேரவில்லை என்றுதான் தோன்றுகிறது. மிதக்கும் குருணையைக் கப்பியும் மோலியும் மேலேயே காலி செய்துவிடும். கோரிடோரஸுக்கு வாய் கீழ்நோக்கி இருக்கிறது. மீசையால் மணலைத் துழாவித் தேடித்தான் அது தின்னும். கழிவைத் தின்று வளரும் என்பது தவறான பேச்சு. அதை நம்பி எத்தனையோ வீடுகளில் இந்த மீன்கள் பட்டினியால் செத்திருக்கின்றன.

இன்றைக்கே தொட்டி முன் குனிந்து, கோரிடோரஸை நேர் எதிரே இருந்து பாருங்கள். வயிறு லேசாக உருண்டிருந்தால் சரி. உள்வாங்கிக் குழிந்திருந்தால் பட்டினிதான்.

இனி இரண்டு பந்தியாகப் போடுங்கள். சாயங்காலம் மேல் மீன்களுக்கு வழக்கமான தீவனம். விளக்கை அணைத்து அரை மணி நேரம் கழித்து, அடியில் மூழ்கும் தீவனமான பெல்லட்டோ (உருண்டை) வேஃபரோ (வில்லை) போடுங்கள். சக்கர் இருட்டில்தான் சுறுசுறுப்பாகத் தேடும், கோரிடோரஸும் இருட்டில் தேடித் தின்னும். நான்கு கோரிடோரஸுக்கு ஒரு சின்ன வேஃபர் போதும், அதையும் இரண்டாக உடைத்து இரண்டு மூலையில் போட்டால் சக்கர் ஒன்றே அமுக்கிக்கொள்ளாது. காலையில் மீதி கிடந்தால் டியூப் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு மறுநாள் அளவைக் குறையுங்கள். அழுகிய தீவனத்திலிருந்து வரும் அம்மோனியா மீன்களுக்கு நஞ்சு. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.

வாரத்தில் இரண்டு நாள் உப்புப் போடாத பச்சை இறால் சதையைக் கழுவி, மிளகு அளவுக்கு நறுக்கிப் போடலாம். நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. கருவாட்டுக் கூனி வேண்டாம், அதில் உப்பும் மண்ணும் இருக்கும். சோறு, மரச்சீனிக் கிழங்கு, ரொட்டி எதுவும் கூடாது, தண்ணீர் கலங்கிவிடும். சக்கருக்கு வெந்நீரில் முக்கி எடுத்த வெள்ளரித் துண்டு ரொம்பப் பிடிக்கும். ஸ்பூனில் குத்தி அடியில் போட்டு, காலையில் எடுத்துவிடுங்கள்.

அப்புறம், அடியில் கூரான சல்லி போட்டிருந்தால் மாற்றி, கழுவிய நைசான ஆற்று மணல் போடுங்கள். சல்லி உரசி மீசை தேய்ந்துபோனால் இரை தேடவே முடியாது. நோய் என்று நினைத்துக் கல் உப்பு அள்ளிப் போடாதீர்கள், கோரிடோரஸ் அதைத் தாங்காது. அது திடீரென்று மேலே பாய்ந்து காற்றை விழுங்கிவிட்டு வரும், அதற்குப் பயப்பட வேண்டாம், அந்த மீனின் இயல்பு அது. இரண்டு வாரம் நன்றாகத் தின்ற பிறகும் வயிறு குழிந்தே இருந்தால் குடற்புழுவாக இருக்கலாம். மீன் நோய் தெரிந்தவரிடம் காட்டி மருந்து கேளுங்கள்.

சக்கர் ஒரு அடிக்கும் மேல் வளரும், உங்கள் தொட்டி ஒரு நாள் அதற்குப் போதாது. அப்போது தயவுசெய்து பக்கத்துக் குளத்திலோ தாமிரபரணியிலோ விட்டுவிடாதீர்கள். கரையைக் குடைந்து பொந்து போட்டு, பெருகி, நம் நாட்டு மீன்களின் இரையைப் பறித்துவிடும். வாங்கிய கடையிலேயே திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.