இரைப்பையில் பேண்ட் போட்டுக்கொள்ளலாமா?

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எனக்கு வயது 36. உயரம் 156 செ.மீ., எடை 96 கிலோ. நாலு வருஷமாக சுகர். இரண்டு மாத்திரை போட்டும், மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.1. ராத்திரி குறட்டை தாங்க முடியவில்லை என்கிறார் கணவர். நெஞ்செரிச்சலும் அடிக்கடி வருகிறது. மெல்போர்னில் இருக்கும் என் நாத்தனார் 2012இல் இரைப்பையில் பேண்ட் போட்டு நன்றாக இளைத்தார். இங்கே பார்த்த டாக்டர் ஸ்லீவ் செய்துகொள்ளச் சொல்கிறார். இரைப்பையை வெட்டி எடுப்பார்கள் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. பேண்ட் என்றால் வேண்டாதபோது கழற்றிக்கொள்ளலாமே? இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணமும் இருக்கிறது. என்ன செய்வது?"

பேண்ட் வேண்டாம், அம்மா. ஆனால் அறுவை சிகிச்சை என்ற யோசனையைக் கைவிட்டுவிடாதீர்கள். உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 39க்கு மேல். அதோடு கட்டுக்கு வராத சுகரும் இருக்கிறது. 2022இல் உலக அளவிலான உடல்பருமன் அறுவை சிகிச்சை அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பிஎம்ஐ 35 இருந்தாலே அறுவையைப் பரிந்துரைக்கலாம். நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 27.5லிருந்தே யோசிக்கலாம் என்கிறார்கள். குறைந்த எடையிலேயே நமக்கு சுகர் வந்துவிடுவதுதான் காரணம். ஆகவே அறுவைக்கு நீங்கள் பொருத்தமானவர்தான். எந்த அறுவை என்பதுதான் கேள்வி.

பேண்ட் என்பது சிலிக்கோனால் ஆன ஒரு வளையம். இரைப்பையின் மேல்பகுதியில், உணவுக்குழாய் வந்து சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, அரைஞாண் கட்டினாற்போல் இதைச் சுற்றிப் போடுவார்கள். வளையத்துக்கு மேலே ஒரு சின்னப் பை உருவாகும். அதன் கொள்ளளவு 15 முதல் 30 மில்லி வரைதான். கொஞ்சம் சாப்பிட்டாலே அந்தப் பை நிரம்பி, வயிறு நிறைந்த உணர்வு வந்துவிடும். வளையத்தின் உட்பக்கம் பலூன் மாதிரி ஒரு பகுதி உண்டு. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய், வயிற்றுத் தோலுக்கு அடியில் தசையோடு சேர்த்துத் தைத்திருக்கும் போர்ட் என்ற சிறு குமிழுக்கு வரும். தோல் வழியாக அதில் ஊசி போட்டு சலைன் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும்.

பேண்டின் முழுப் பலனும் இந்த ஊசியை நம்பித்தான் இருக்கிறது. அறுவை நாளில் பெரும்பாலும் வளையத்தை இறுக்கமாட்டார்கள். நாலைந்து வாரம் கழித்துத்தான் முதல் முறை சலைன் ஏற்றுவார்கள். ஏற்றியதும் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்துக் குடிக்கச் சொல்வார்கள். தண்ணீர் தடையில்லாமல் இறங்கினால் வீட்டுக்குப் போகலாம். நெஞ்சில் நின்றால் கொஞ்சம் சலைனைத் திரும்ப எடுப்பார்கள். பிறகு சில வாரத்துக்கு ஒருமுறை போய்ப் போய், பசியும் அடங்க வேண்டும், சாப்பாடும் இறங்க வேண்டும் என்ற அளவைத் தேடிப் பிடிக்க வேண்டும். அந்த அளவும் நிலைக்காது. எடை குறைந்தால் மாறும், காய்ச்சல் வந்தால் மாறும், கர்ப்பத்தில் மாறும். ஆஸ்திரேலியாவில் ஒரு காலத்தில் பேண்ட் மிகப் பரவலாக இருந்தது. அதை இறுக்கித் தளர்த்துவதற்கென்றே கிளினிக்குகள் இருந்தன. உங்கள் நாத்தனாருக்கு அது நன்றாக வேலை செய்ததில் அந்த வசதிக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று நம் ஊரில் பேண்ட் போடுவதே அபூர்வம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி குடித்த தண்ணீர்கூட இறங்காமல் வாந்தி எடுத்தால், போர்ட்டைத் தேடி ஊசி போடத் தெரிந்தவர் பக்கத்தில் யார் இருக்கிறார்? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காத ஊரில் பேண்ட் போட்டுக்கொள்ளக் கூடாது.

நம் சாப்பாட்டையும் யோசிக்க வேண்டும். பேண்டில் சிக்குவது எது தெரியுமா? குழைந்த சாதம், பரோட்டா, பிரெட், நாரோடு இருக்கும் மட்டன். சரியாக மெல்லாமல் விழுங்கிய ஒரு வாய் சாதம் வளையத்துக்கு மேலே அடைத்துக்கொள்ளும். நெஞ்சு நடுவில் அழுத்தும், வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், கடைசியில் வழவழவென்று நுரையோடு அந்த உருண்டை மேலே வந்து விழும். இரண்டு முறை இப்படி ஆனவர், கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காரவே பயப்படுவார். அப்புறம் தன்னையறியாமல் எளிதில் இறங்குவதைத் தேடிப் போவார். ஐஸ்கிரீம், பாயசம், மில்க் ஷேக், ஜூஸ் எல்லாம் எந்தத் தடையும் இல்லாமல் வளையத்தைக் கடந்துவிடும். காய்கறியும் சுண்டலும் நின்றுபோய், சர்க்கரை மட்டும் உள்ளே போகும். சுகர் உள்ள உங்களுக்கு இது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கழற்றிக்கொள்ளலாம் என்பதுதான் உங்களைக் கவர்ந்திருக்கிறது. உண்மைதான், கழற்றலாம். ஆனால் அதற்கும் மயக்க மருந்து கொடுத்து இன்னொரு அறுவை செய்ய வேண்டும். வளையம் இருந்த இடத்தில் தழும்பு கட்டியிருக்கும். பிறகு ஸ்லீவோ, இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு நேரே இணைக்கும் பைபாஸோ செய்ய வேண்டி வந்தால், முதல்முறை செய்வதைவிட அது கடினம், சிக்கலும் அதிகம். கழற்றியவர்களில் பெரும்பாலோருக்குக் குறைந்த எடை திரும்பி வந்துவிடும். கழற்ற வேண்டிய நிலை வருவதும் அரிதல்ல. வளையம் நழுவலாம், மேலே உள்ள பையும் உணவுக்குழாயும் வீங்கலாம், போர்ட் புரண்டுகொள்ளலாம், குழாய் கசியலாம். வளையம் இரைப்பைச் சுவரை மெல்ல அரித்து உள்ளே நுழைவதும் உண்டு. பெல்ஜியத்தில் தொடக்க காலத்தில் பேண்ட் போட்டவர்களைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கவனித்து 2011இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு பேண்டை எடுக்க வேண்டியிருந்திருக்கிறது. அன்றைய அறுவை முறை வேறு, பின்னாளில் அது மேம்பட்டது என்பதும் உண்மை. ஆனால் அமெரிக்காவில் 2006 முதல் 2013 வரை மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டில் பேண்ட் போட்ட 25,000 பேரின் கணக்கிலும் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு மறு அறுவை தேவைப்பட்டது. அப்படித் தேவைப்பட்டவர்களுக்குச் சராசரியாக மூன்று, நான்கு முறை. 2001இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி கிடைத்து அங்கே சக்கைப்போடு போட்ட சிகிச்சை, இன்று அங்கே நூற்றில் ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உங்கள் நாத்தனாருக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை பேண்டைக் காட்டிக்கொள்வது நல்லது. படுத்தால் இருமல், இரவில் எதுக்களித்தல், புதிதாகத் தொடங்கும் வாந்தி, போர்ட் இருக்கும் இடத்தில் சிவப்பு, இறுக்கியும் பசி அடங்காமல் இருப்பது, இவற்றில் எது வந்தாலும் தள்ளிப்போடக் கூடாது.

எடைக் கணக்குக்கு வருவோம். உங்கள் உயரத்துக்கு பிஎம்ஐ 25 என்றால் 61 கிலோ. கூடுதலாக இருப்பது 35 கிலோ. ஒழுங்காகத் தொடர்ந்து கவனித்துக்கொண்டால் பேண்டில் சராசரியாக இதில் நாற்பது, ஐம்பது சதவீதம் குறையும், அதாவது 14 முதல் 17 கிலோ. ஸ்லீவில் மொத்த எடையில் கால் பங்கு, அதாவது 24 கிலோ அளவுக்குக் குறையும். பைபாஸில் இன்னும் நாலைந்து கிலோ கூட. சுகர் விஷயத்தில் வித்தியாசம் இன்னும் தெளிவு. பேண்ட் சாப்பாட்டைத் தடுக்கிறது, எடை குறையக் குறைய சுகரும் இறங்குகிறது. மெல்போர்னில் நடந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில், பேண்ட் போட்டவர்களில் நூற்றுக்கு 73 பேருக்கு மாத்திரை இல்லாமலே சுகர் கட்டுக்குள் வந்தது. நல்ல முடிவுதான். ஆனால் அதில் சேர்ந்தவர்கள் எல்லோரும் சுகர் வந்து இரண்டு வருஷத்துக்குள் இருந்தவர்கள். ஸ்லீவும் பைபாஸும் இரைப்பையிலும் குடலிலும் சுரக்கும் ஹார்மோன்களையே மாற்றுகின்றன. பசி ஹார்மோன் குறைகிறது, இன்சுலினைத் தூண்டும் ஹார்மோன் கூடுகிறது. எடை குறையும் முன்னரே சில நாளில் சுகர் அளவு இறங்குவதை வார்டிலேயே பார்க்கிறோம். நாலு வருஷ சுகருக்கு இந்த வழிதான் பொருந்தும். பத்து வருஷம் கடந்து, கணையம் களைத்த பிறகு செய்தால் இதே பலன் கிடைக்காது.

இனி உங்கள் பயம். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கத்தான் செய்வார்கள், அது திரும்பி வராது. தையல் கோட்டில் கசிவு என்பது இதன் முக்கிய ஆபத்து. அனுபவமுள்ள இடங்களில் நூற்றில் ஒருவருக்கு வரலாம். உயிருக்கு ஆபத்து என்று பார்த்தால், பித்தப்பைக் கல்லுக்குச் செய்யும் லேப்ராஸ்கோபி அறுவையோடு ஒப்பிடும் அளவுதான். பி12, இரும்பு, வைட்டமின் டி, கால்சியம் ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும். மூன்றாம் நாலாம் மாதத்தில் முடி கொட்டும், பிறகு முளைத்துவிடும். புரதம் ஒரு நாளைக்கு 60 கிராமாவது வேண்டும் என்பதால் சாதத்துக்கு முன்னால் முட்டை, பனீர், பயறு, மீன் தட்டில் வர வேண்டும்.

உங்கள் டாக்டரிடம் நான் கேட்கச் சொல்வது நெஞ்செரிச்சல் பற்றித்தான். ஸ்லீவுக்குப் பிறகு நெஞ்செரிச்சல் கூடுவது அடிக்கடி நடக்கும். அதனால் முதலில் எண்டோஸ்கோபி செய்து பாருங்கள். உணவுக்குழாயில் புண்ணோ, உதரவிதானத்தில் பெரிய ஹெர்னியாவோ (இரைப்பை நெஞ்சுப் பக்கம் பிதுங்குவது) இருந்தால் பைபாஸ்தான் உங்களுக்குச் சரி என்று நினைக்கிறேன். அது நெஞ்செரிச்சலையும் தணிக்கும், சுகருக்கும் ஸ்லீவைவிடச் சற்றுக் கூடுதல் பலன் தரும். இனிப்பு சாப்பிட்டால் படபடப்பும் வியர்வையும் வரலாம், சத்துக் குறைவின் அபாயமும் அதிகம் என்பது அதன் மறுபக்கம்.

எடை குறைக்கும் ஊசி மருந்துகளையும் யோசித்திருப்பீர்கள். 2025இல் மௌன்ஜாரோவும் வெகோவியும் இந்தியாவுக்கு வந்துவிட்டன. 15 முதல் 20 சதவீதம் வரை எடை குறைகிறது, சுகரும் நன்றாகக் கட்டுப்படுகிறது. அறுவை வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதுதான் அடுத்த நல்ல வழி. ஆனால் நிறுத்தினால் எடை திரும்புகிறது. கர்ப்பத்தில் போடவும் கூடாது. வெகோவியைக் கருத்தரிப்புக்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள்.

குழந்தை விஷயம் உங்கள் முடிவில் பெரிய இடம் பெற வேண்டும். ஸ்லீவோ பைபாஸோ செய்தால் 12 முதல் 18 மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். இப்போதே செய்தால் 38 வயதுக்குள் முயற்சி செய்யலாம். கர்ப்பத்தில் தளர்த்திக்கொள்ளலாம் என்பது பேண்டுக்கு உள்ள உண்மையான ஒரு நன்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் ஹெச்பிஏ1சி 9.1 இருக்கும்போது கருத்தரிப்பது குழந்தையின் உறுப்பு வளர்ச்சிக்கே ஆபத்து. முதலில் சுகர் இறங்கியாக வேண்டும். எடை குறையத் தொடங்கியதும் கருத்தரிக்கும் வாய்ப்பு திடீரென்று கூடும் என்பதால், அறுவைக்கு முன்பே காப்பர் டி போட்டுக்கொள்ளுங்கள். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரை சரியாக உடம்பில் ஏறும் என்று நம்ப முடியாது.

அடுத்து செய்ய வேண்டியது தூக்கப் பரிசோதனை. அந்தக் குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஏப்னியாவாக இருந்தால், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்கு அது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். காப்பீட்டுக்கும் அது உதவும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதிப்படி பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடல்பருமன் அறுவைக்குக் காப்பீடு மறுக்கக் கூடாது. 35 அல்லது அதற்கு மேல் இருந்து, மருந்துக்கு அடங்காத டைப் 2 சுகர், கடுமையான ஸ்லீப் ஏப்னியா, இதய நோய் போன்றவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலும் தகுதி உண்டு. கடந்த ஓராண்டு சுகர் ரிப்போர்ட்டுகள், மாத்திரைச் சீட்டுகள், தூக்கப் பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் சேர்த்து, பாலிசியின் காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, அட்மிஷனுக்கு முன்பே ஒப்புதலுக்கு அனுப்பச் சொல்லுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது கணவரையும் அழைத்துப் போங்கள். முதல் ஒரு மாதம் கஞ்சியும் சூப்பும் வடிகட்டித் தருவதற்கு வீட்டில் ஒருவர் வேண்டும்.