இஸ்லாமிய விழுமியங்கள் அரசு ஊழியர்களின் வேலை ஊக்கத்தைக் கூட்டுமா? மலேசிய அனுபவம் என்ன சொல்கிறது?

கூட்டும். ஆனால் சுவரில் எழுதி மாட்டுவதாலோ, மாதாந்திர மார்க்கச் சொற்பொழிவுக்கு வருகைப் பதிவு எடுப்பதாலோ ஊக்கம் கூடிவிடாது. மேசைமேல் கிடக்கும் கோப்போடு அந்த விழுமியத்தைக் கட்டிப்போட்டால்தான் பலன்.

மகாதீர் பிரதமரான மறு ஆண்டு, 1982-ல், 'பெர்சே, செகாப், அமானா' (தூய்மை, திறமை, நாணயம்) இயக்கம் வந்தது. 1985-ல் இஸ்லாமிய விழுமியங்களை நிர்வாகத்தில் புகுத்தும் கொள்கை வந்தது. அதன் 11 பண்புகள்: அமானிதம் (நம்பி ஒப்படைக்கப்பட்டதைக் காப்பது), பொறுப்பு, இஹ்லாஸ் (உளத்தூய்மை), அர்ப்பணிப்பு, மிதம், விடாமுயற்சி, தூய்மை, கட்டொழுங்கு, ஒத்துழைப்பு, நற்குணம், நன்றியுணர்வு. இதில் எதை ஒரு தமிழ் இந்துவோ சீன பௌத்தரோ மறுப்பார்? பல இனத்தவர் சேர்ந்து உழைக்கும் அலுவலகத்தில் இது பெரிய பலம்.

பதினொன்றில் மற்றவற்றைத் தாங்கும் தூண் அமானிதம்தான் என்பேன். பதவி என் சொத்தல்ல, ஒப்படைக்கப்பட்டது. திருப்பிக் கணக்குச் சொல்ல வேண்டும். நபி காலத்தில் ஜகாத் (கட்டாயத் தர்மம்) வசூலித்துத் திரும்பிய இப்னுல் லுத்பிய்யா, "இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது" என்றார். தாய் தந்தை வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது அவரைத் தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) கேட்டார்கள். புகாரி தொகுப்பில் உள்ள இந்த ஹதீஸை (நபிமொழியை), பெருநாளுக்கு ஒப்பந்தக்காரர் அனுப்பும் பரிசுக்கூடையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மலேசிய அரசின் 1998-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, பரிசின் மதிப்பு மாதச் சம்பளத்தில் கால் பங்கையோ 500 ரிங்கிட்டையோ (எது குறைவோ அதை) தாண்டினால் துறைத் தலைவருக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னது. பயிற்சி வகுப்பில் ஹதீஸையும் பரிசு பற்றிய அரசு விதியையும் சேர்த்தே நடத்த வேண்டும். தனித்தனியாக நடத்தினால் ஒன்று உபதேசமாகவும் மற்றது காகிதமாகவும் நின்றுவிடும்.

பலர் தவறுகிற இடம் ஒன்று உண்டு. குர்ஆன் 28:26, வேலைக்கு அமர்த்தச் சிறந்தவர் வலிமையும் நம்பகமும் உள்ளவர் என்கிறது. இரண்டும் வேண்டும். நேர்மையானவரைப் பயிற்சியே தராமல் நிலப்பதிவு கவுன்ட்டரில் உட்கார வைத்தால் மனுக்கள் தேங்கும், மக்கள் திட்டுவார்கள், மூன்றே மாதத்தில் அவர் உற்சாகம் வடிந்துவிடும். அது ஈமானின் (இறைநம்பிக்கையின்) குறையல்ல, மேலதிகாரியின் குறை. 'வேலையும் இபாதத்' (இறைவணக்கம்) என்று சொல்லிக்கொண்டே கூடுதல் நேர ஊதியத்தை இழுத்தடிப்பதும் அப்படித்தான். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொல்வதும் அதே மார்க்கம்தானே!

வெள்ளிக்கிழமையையும் கவனியுங்கள். கோலாலம்பூர், புத்ராஜெயா அலுவலகங்களில் ஜும்ஆ தொழுகைக்காக இடைவேளை 12.15 முதல் 2.45 வரை. 2.45-க்குக் கவுன்ட்டர் திறந்தாக வேண்டும். அரை மணி தாமதமானால், வரிசையில் நிற்பவருக்கு அமானிதம் பற்றிய எந்தப் பேச்சும் எடுபடாது.

பலனை அளப்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஆய்வாளர் அப்பாஸ் அலியின் இஸ்லாமியப் பணி அறநெறி அளவுகோலை (1988-ல் 46 கேள்விகள், பிறகு சுருக்கி 17) ஊழியரிடம் கொடுத்து, அதே கையோடு ஊக்கத்தைப் பற்றியும் கேட்பார்கள். இரண்டையும் ஒருவரே நிரப்பும்போது இரண்டும் சேர்ந்து உயரத்தான் செய்யும். 'நான் சோம்பேறி' என்று யார் எழுதுவார்? அதனால் கேள்வித்தாளோடு கோப்பையும் எண்ணுங்கள். பயிற்சிக்கு முன் 3 மாதம், பின் 3 மாதம்: ஒரு மனு முடிய எத்தனை நாள், எத்தனை மனு பிழையால் திரும்பியது, எத்தனை புகார். பயிற்சி பெறாத, இதே வேலை செய்யும் இன்னொரு பிரிவின் எண்களையும் பக்கத்தில் வையுங்கள்.