தோட்டமும் வட்டையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கரடியனாற்றில் அரை ஏக்கர் பூசணி செய்கிறேன். கொடி நல்ல செழிப்பு, பூவுக்கும் குறைவில்லை. ஆனால் பிஞ்சு தேசிக்காய் அளவுக்கு வந்ததும் மஞ்சளாகி வெம்பி விழுகிறது. பூச்சிதான் என்று நினைத்து வெயில் ஏற முன்னம் காலையிலேயே பூச்சிகொல்லி எண்ணெய் அடிக்கிறேன், கேட்கவில்லை. வேறு என்ன அடிக்கலாம்?

பதில்: தங்கச்சி, வேறு ஒன்றும் அடிக்க வேண்டாம், அடிக்கிறதையும் முதலில் நிறுத்துங்கள். விழுந்த பிஞ்சில் ஒரு பத்தைப் பொறுக்கி, கத்தியால் பிளந்து பாருங்கள். பழ ஈ குத்தியிருந்தால் தோலில் ஊசி பட்ட மாதிரி ஒரு புள்ளி இருக்கும், அதில் பிசின் துளி காய்ந்து நிற்கும், உள்ளே வெள்ளைப் புழு நெளியும். முற்றின புழுவைக் கையில் எடுத்தால் உடம்பை வளைத்துத் துள்ளி விழும். புழுவும் இல்லை, குத்தும் இல்லை, பிஞ்சு சும்மா சுருங்கித்தான் கிடக்கிறது என்றால் மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இதுதான் நடக்கிறது என்று எனக்குப் படுகிறது.

பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. நீட்டுக் காம்பில் தனியாக நிற்பது ஆண், அடியில் குட்டிப் பிஞ்சோடு வருவது பெண். விடியற்காலையில் விரிகிற பூ மதியத்துக்கு முன்னமே சுருண்டுவிடும், மறுநாள் திறக்கவே திறக்காது. மகரந்தமோ பாரமும் பசையும் உள்ளது, காற்று தூக்கிக்கொண்டு போகாது, தேனீதான் சுமக்க வேண்டும். அந்தச் சில மணித்தியாலத்தில் நீங்கள் எண்ணெய்த் தாங்கியோடு தோட்டத்துக்குள் நின்றால் தேனீ எப்படி வரும்? வந்ததும் செத்துப்போகும். செடி உறிஞ்சி உடம்பெல்லாம் கொண்டுபோகிற வகை மருந்தென்றால் இன்னும் மோசம், அது பூந்தேனிலும் மகரந்தத்திலும் இறங்கிவிடும், நேரம் மாற்றி அடித்தாலும் தேனீ தப்பாது. பூக்கிற காலத்தில் அந்த வகை வேண்டவே வேண்டாம்.

இப்போதைக்குக் கையாலேயே செய்யலாம். காலை ஏழு, எட்டு மணிக்குள் அன்றைக்கு விரிந்த ஆண் பூ ஒன்றைப் பிடுங்கி, இதழை உரித்துவிட்டு, நடுத்தண்டை பெண் பூவின் நடுவில் மெல்லச் சுற்றித் தடவுங்கள், விரலில் மஞ்சள் தூள் ஒட்டினால் மகரந்தம் நல்லது. ஒரு ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குக் காணும். பிடித்த பிஞ்சு சில நாளிலேயே பருத்து வருவது கண்ணுக்குத் தெரியும். கச்சான் காற்று அடிக்கிற நாளில் மகரந்தம் வெக்கையில் கெட்டுப்போகும், தேனீயும் குறைவாகத்தான் பறக்கும், அதனால் அந்த நாட்களில் இன்னும் நேரத்தோடு இறங்குங்கள். வேலியோரத்துத் தும்பையையும் வெட்டி எரிக்காமல் விடுங்கள், பூசணி பூக்காத காலத்தில் தேனீக்குச் சாப்பாடு அதுதான்.

கேள்வி: பூப்பயிருக்குப் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு மருந்தடிக்கச் சொல்கிறார்கள், நானும் அப்படித்தான் செய்கிறேன். பந்தலில் பாகல் நன்றாகக் காய்க்கிறது, பக்கத்துப் புடோல் பிடிக்கிறதே இல்லை. (களுதாவளை)

பதில்: பாகலுக்கு அந்த நேரம் சரி, புடோலுக்குப் பிழை. புடோல் பூ பொழுதுபடத்தான் விரியும், இரவில் வருகிற அந்துப்பூச்சிதான் அதற்கு மகரந்தம் சேர்க்கிறது. பீர்க்கும் பின்னேரம் விரிகிற பூதான். உங்கள் பாகலும் புடோலும் ஒரே பந்தலில் நிற்பதால், அடித்தே ஆகவேண்டும் என்றால் பிற்பகல் மூன்று மணியளவில் அடியுங்கள், பாகல் பூ அதற்குள் வாடியிருக்கும், புடோல் பூ இன்னும் திறந்திருக்காது, இருட்டுவதற்குள் இலையும் காய்ந்துவிடும்.

கேள்வி: சம்மாந்துறையில் என் வயலில் அறக்கொட்டி (கபிலத் தத்தி) விழுந்து வட்டம் வட்டமாக எரிந்துபோகிறது. இரண்டு விதமான எண்ணெய் அடித்தும் கூடிக்கொண்டே போகிறது. கடையில் மூன்றாவதைக் கலந்து அடிக்கச் சொல்கிறார்கள்.

பதில்: கலக்காதீர்கள் ஐயா, தயவுசெய்து. நெல்லின் அடியை விலக்கி, தண்ணீருக்குச் சற்று மேலே தண்டைப் பாருங்கள், கபில நிறத்தில் அரிசியை விடச் சின்னப் பூச்சி அப்பிக் கிடக்கும். அது அடியில் இருந்து சாற்றை உறிஞ்சுகிறது, நாம் மேலிருந்து இலைக்கு அடிக்கிறோம், அந்த எண்ணெய் முதலில் கொல்வது அறக்கொட்டியைத் தின்கிற சிலந்தியையும் அறக்கொட்டியின் முட்டையை உறிஞ்சுகிற சின்னப் பச்சை நாவாய்ப்பூச்சியையும்தான். பிறகு தப்பின அறக்கொட்டிக்கும் புதிதாகப் பொரிக்கிற குஞ்சுக்கும் தடையே இல்லை. இந்தோனேசியாவில் இதே பூச்சி நெல்லை அழித்தபோது, 1986இல் அந்த நாட்டு அரசு 57 வகைப் பூச்சிகொல்லிகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்றே தடுத்தது, இதைக் கடைக்காரரிடமும் சொல்லுங்கள்.

முதல் வேலை, வயல் தண்ணீரை மூன்று நான்கு நாள் வடித்துவிடுங்கள், அடித்தண்டு காயட்டும். யூரியாவை நிறுத்துங்கள், கறுத்த பச்சையாக மதர்த்த பயிரில்தான் இது பெருகும். அடுத்த போகத்தில் விதையைக் குறைத்து விதையுங்கள், நெருக்கமாக நின்றால் அடிக்குக் காற்றும் வெளிச்சமும் போகாது. இதற்குப் பிறகும் பரவினால் தண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு கமநல சேவை நிலையத்து விவசாயப் போதனாசிரியரிடம் போங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு எடுத்துக் கேளுங்கள். மருந்து தேவை என்று அவர்கள் சொன்னால் எரிந்த வட்டத்தையும் அதன் ஓரத்தையும் மட்டும், தண்டின் அடியில் படும்படி அடித்தால் போதும். முழு வயலுக்கும் வேண்டாம்.

கேள்வி: முற்றத்து மாமரத்தில் பழமெல்லாம் புழு. பொறி வைக்கலாமா? (அக்கரைப்பற்று)

பதில்: வைக்கலாம். மெதைல் யூஜினோல் பொறிக்கு மாம்பழ ஈயின் ஆண்கள் வந்து விழும். துளசியிலும் அதே வாசம் இருப்பதால் இலையைக் கசக்கிப் போட்டாலும் கொஞ்சம் வரும். இதையே பாகலுக்கும் பூசணிக்கும் கட்டிவிட்டுப் பார்த்திருக்காதீர்கள், அந்த ஈ வேறு, அதை இழுக்கக் கியூலூர் என்று தனி வாசப் பொருள் இருக்கிறது. ஆனால் பொறியை விட முக்கியம் கீழே விழுந்த பழம். புழு அதிலிருந்து இறங்கி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, திரும்ப ஈயாக வரும். அன்றன்றே பொறுக்கி, கறுத்தப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, ஒரு கிழமை வெயிலில் போடுங்கள். பக்கத்து வளவிலும் மாமரம் நின்றால் அவர்களையும் கூட்டிக்கொண்டு செய்யுங்கள், வேலி பார்த்து ஈ பறக்காது.