யார் முடிவெடுப்பது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். பெயர் வெளியிட வேண்டாம். என் கணவருக்கு 52 வயது, தறிப்பட்டறை வைத்திருக்கிறார். கார்த்திகையில் திடீரென்று வலிப்பு வந்தது. மூளையில் வலது முன்பக்கம் கட்டி. ஆபரேஷனுக்குப் பிறகு கிளியோபிளாஸ்டோமா என்கிற மூளைப் புற்றுநோய், கிரேடு 4 என்று ரிப்போர்ட் வந்தது. ஆறு வாரம் கரன்ட் (ரேடியேஷன்) வைத்தார்கள், கூடவே மாத்திரை. இப்போது மாதம் 5 நாள் கீமோ கேப்ஸ்யூல். ஒரு ரவுண்டு முடிந்ததுமே “போதும், இனி வேண்டாம்” என்கிறார். போன வாரம் எடுத்த ஸ்கேனில் கட்டி பெரிதாகத் தெரிகிறது. டாக்டர் இரண்டு மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். கொழுந்தனார், காட்டை (எங்கள் நிலத்தை) விற்றாவது வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்கிறார். கேன்சர் என்று இவரிடம் சொல்லக்கூடாது என்பதும் அவர் உத்தரவுதான். என்னை ஒருநாளும் அதட்டாத மனுஷன் இப்போது சாப்பாட்டுத் தட்டை வீசுகிறார். எல்லோரும் “நீயே ஒரு முடிவு சொல்லும்மா” என்கிறார்கள். 24 வருஷமாக எல்லாவற்றையும் முடிவு செய்தது அவர். நான் எப்படிச் சொல்வேன்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நான் டாக்டர் அல்ல. நெருங்கிய உறவில் ஒருவருக்கு இதே நோய் வந்தபோது கூட இருந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

முதலில் ஸ்கேன். காடு விற்கும் பேச்சே அதிலிருந்துதானே கிளம்பியிருக்கிறது! கரன்ட் வைத்த இடம் வீங்கி, செத்த திசுவும் சேர்ந்து, சில பேருக்கு ஸ்கேனில் கட்டி வளர்ந்த மாதிரியே தெரியும். பிறகு தானாக அடங்கிவிடும். அதனால் கரன்ட் முடிந்த முதல் 12 வாரத்தில் அதே இடம் பெரிதாகத் தெரிவதை மட்டும் வைத்து நோய் கூடிவிட்டது என்று சொல்வதில்லை. நிஜமாகவே வளர்ந்தும் இருக்கலாம், அதையும் மறைக்கவில்லை. ஆனால் உங்கள் டாக்டர் பொறுக்கச் சொன்னது அலட்சியம் அல்ல. கை கால் புதிதாகத் தளர்ந்தாலோ, தூக்கம் கூடினாலோ, தலைவலியோடு வாந்தி வந்தாலோ, திரும்ப வலிப்பு வந்தாலோ மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்.

அடுத்தது தட்டு. நம் கோபத்தைப் பிடித்து நிறுத்துகிற வேலை மூளையின் முன்பகுதியுடையது. அவருக்குக் கத்தி பட்டது அங்கேதான். அதற்கு மேல் மாத்திரைகள். வீக்கத்துக்குக் கொடுக்கிற டெக்சாமெதாசோன் தூக்கத்தைக் கெடுக்கும், பசியைக் கிளப்பும், சிடுசிடுக்க வைக்கும். வலிப்புக்குப் பெரும்பாலும் கொடுப்பது லெவெடிராசிடம். அது சிலருக்குக் கடும் எரிச்சலைத் தரும். இரண்டில் எது அவர் சீட்டில் இருக்கிறது என்று பாருங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், இரண்டையுமே சட்டென்று நிறுத்துவது ஆபத்து. தட்டு வீசுகிறார் என்று டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழி உண்டு. “என் புருஷனைப் பற்றி எப்படிச் சொல்வது” என்று நம் பெண்கள் இதை மட்டும் விழுங்கிவிடுகிறார்கள்.

இனி கேப்ஸ்யூல். “போதும்” என்கிறாரே, எது போதும்? வாந்தியா, அசதியா, ஆஸ்பத்திரி வராந்தாவா? கேட்டீர்களா? வாந்தி என்றால் அதற்கு நல்ல மாத்திரை உண்டு. கேப்ஸ்யூலையே ராத்திரி வெறும் வயிற்றில் போட்டுப் படுப்பவர்களும் உண்டு. டாக்டரைக் கேட்டுச் செய்யலாம். அவர் நிஜமாகவே சிகிச்சையை விட நினைக்கிறார் என்றால், அதன் பலன் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு விடட்டும். 2005-ல் வந்த முக்கியமான ஆய்வில், கரன்ட் மட்டும் வைத்தவர்களில் இரண்டு வருஷம் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். இந்த மருந்தும் சேர்ந்தவர்களில் 26 பேர். இது எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. கட்டியில் எம்ஜிஎம்டி என்றொரு சோதனை செய்வார்கள். அதில் ‘மெத்திலேட்டட்’ என்று வந்தால் மருந்து நன்றாக வேலை செய்ய வாய்ப்பு அதிகம், இல்லாவிட்டால் பலன் சொற்பம். அவர் ரிப்போர்ட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். இது தெரியாமல் கேப்ஸ்யூல் வேண்டும், வேண்டாம் என்று வீட்டில் சண்டை போட்டுப் பயனில்லை.

இதையெல்லாம் அவரிடம் பேச வேண்டுமென்றால் நோயின் பெயரை அவருக்குச் சொல்லியாக வேண்டும். கொழுந்தனார் பாசத்தில்தான் மறைக்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆறு வாரம் கரன்ட் வைத்துக்கொண்ட மனுஷனுக்கு அந்த வார்டில் எதுவுமா காதில் விழுந்திருக்காது? உங்களுக்காக அவர் தெரியாதது போல இருக்கிறாரோ என்னவோ. சட்டமும் அவர் பக்கம்தான். தெளிவாக இருக்கிறவரின் சிகிச்சைக்கு அவருடைய சம்மதமே செல்லும். வயது வந்த ஒரு பெண்ணுக்காக அவள் அம்மா கொடுத்த சம்மதம் போதாது என்று 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அவர் தெளிவாக இருக்கும் நேரம் உங்களுக்குத்தான் தெரியும், அநேகமாகக் காலையாக இருக்கும். அப்போது பேசுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். “உங்களுக்கு என்ன தெரியணும்?” என்று கேட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஒரு நிலைக்கு மேல் வெண்டிலேட்டர் வேண்டுமா, கடைசியில் எங்கே இருக்க விரும்புகிறார் என்பதும் ஒருநாள் பேச்சில் வரட்டும். பின்னால் அவரால் சொல்ல முடியாமல் போனால், இரவில் படுத்து யோசிக்கப் போவது நீங்கள்தான். இப்போது சொல்லிவிட்டார் என்றால், அன்றைக்கு அவர் முடிவை நீங்கள் நிறைவேற்றினால் போதும். எழுதி, இரண்டு சாட்சியோடு நோட்டரியிடம் சான்று வாங்கி வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன், நீங்களும் அவரிடம் கோபப்படலாம். நோயாளி என்பதற்காகக் கணவர் இல்லாமல் போய்விடவில்லை.

காட்டைப் பற்றி: வேறு டாக்டரின் கருத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக அலைய வேண்டாம். ஸ்கேன் சிடி, பயாப்சி ரிப்போர்ட், கட்டியின் திசு வைத்த கண்ணாடி ஸ்லைடுகள் இவற்றைக் கேட்டு வாங்கிக் கொழுந்தனாரிடம் கொடுத்து அனுப்புங்கள். அவருக்கும் ஏதாவது செய்தாக வேண்டும் இல்லையா? விற்கிற பேச்சை அடுத்த ஸ்கேன் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். அதிலும் உங்கள் கணவரின் வார்த்தையைக் கேளுங்கள், காடு அவருடையதும்தானே.