பேத்தியின் படமும் கையில் கட்டிய பட்டையும்

கேள்வி: எனக்குப் பெண் குழந்தை பிறந்து ஒன்பது நாள் ஆகிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் என் மாமியார் அவளைப் படமெடுத்து ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸிலும் போட்டுவிட்டார். குடும்பக் குழுவிலும் அனுப்பியிருக்கிறார். குழந்தையின் கையில் கட்டிய மருத்துவமனைப் பட்டை, எழுத்தெல்லாம் படிக்கும்படி அதில் தெரிகிறது. பக்கத்தில் நான் அயர்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறேன். நீக்கச் சொல்லுங்கள் என்று கணவரிடம் கேட்டால், "அம்மா சந்தோஷத்தில் செய்தது, பெரிதுபடுத்தாதே" என்கிறார். நான்தான் மிகைப்படுத்துகிறேனா?

பதில்: இல்லையம்மா. பிரசவம் முடிந்து தன்னை மறந்து தூங்கும் ஒரு பெண்ணை, அவளுக்கே தெரியாமல் படமெடுத்துப் பலருக்குக் காட்டும் உரிமை யாருக்கும் கிடையாது. உங்களைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். என்னை முதலில் உறுத்தியது அந்த வரிதான். கணவரிடம் பேசும்போது அங்கிருந்தே தொடங்குங்கள். இணையத்தின் ஆபத்து என்று ஆரம்பித்தால் அது வாக்குவாதமாகிவிடும். "அந்த நிலையில் என்னை யார் யாரோ பார்த்திருக்கிறார்கள், எனக்குக் கூச்சமாக இருக்கிறது" என்று சொல்லுங்கள்.

உங்கள் மாமியாரின் மனதும் எனக்குத் தெரியும். என் பேரன் பிறந்த அன்று நானும் இதையேதான் செய்தேன். மகள் நீக்கச் சொன்னபோது, பேரனையே என்னிடமிருந்து பறித்துக்கொண்டதுபோல் வலித்தது. அவள் சொன்னதில் இருந்த நியாயம் புரிய எனக்குப் பல நாள் பிடித்தது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். உங்கள் கணவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

பிறந்த குழந்தையின் முகம் ஆறு மாதத்தில் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். பட்டையில் இருப்பவை மாறாது. பொதுவாக அதில் தாயின் பெயர், பிறந்த தேதி, நேரம், மருத்துவமனைப் பதிவு எண் போன்றவை இருக்கும். நாளை உங்கள் மகள் ஒரு வங்கியை அழைத்தால், அவள்தான் பேசுகிறாள் என்று உறுதிசெய்ய அவர்கள் கேட்கக்கூடியதும் பிறந்த தேதியும் தாயின் பெயரும்தான். கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியை எப்படி மாற்றுவது? பிறப்புச் சான்றிதழையும் தடுப்பூசி அட்டையையும் ஆசையாகப் படமெடுத்துப் போடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது.

குளிப்பாட்டும் படம், உடையில்லாத படம் ஆகியவற்றைக் குடும்பக் குழுவில்கூடப் போட வேண்டாம். அவற்றைத் தேடித் திரட்டும் வக்கிரம் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். இதற்குமேல் அதை விளக்க எனக்கு மனம் வரவில்லை.

"நம் நண்பர்கள் மட்டும்தானே பார்க்கிறார்கள்" என்று உங்கள் கணவர் சொல்லக்கூடும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயிற்றுவிக்கப் பயன்பட்ட லயன்-5பி என்ற மாபெரும் படத் தொகுப்பை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 2024இல் ஆராய்ந்தது. பிரேசில், ஆஸ்திரேலியக் குழந்தைகளின் படங்களுக்கான இணைப்புகள் அதில் இருந்தன. பலவற்றில் எந்தக் குழந்தை, எந்த ஊர் என்றுகூடக் கண்டறிய முடிந்தது. அவற்றில் சில, தங்களைச் சேர்ந்தவர்கள் பார்க்கட்டும் என்று குடும்பத்தினரே இணையத்தில் போட்டு வைத்தவை. அதே ஆண்டு பிப்ரவரியில் பிரான்ஸ் ஒரு சட்டம் இயற்றியது. குழந்தையின் படத்தின் மீதான உரிமையைத் தாயும் தந்தையும் சேர்ந்தே காக்க வேண்டும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்பக் குழந்தையையும் கேட்க வேண்டும் என்கிறது அது.

இப்போது செய்ய வேண்டியது. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் தானாகவே மறைந்திருக்கும், அதை விட்டுவிடுங்கள். ஃபேஸ்புக் படத்தை மட்டும் இன்றே நீக்கச் சொல்லுங்கள். குடும்பக் குழுவில் போட்டதை எல்லோருக்குமாக அழிக்க வாட்ஸ்ஆப் தரும் அவகாசம் ஏறக்குறைய இரண்டரை நாள். அது கடந்துவிட்டது. அந்தப் படம் பலருடைய போனில் தானாகவே சேமிக்கப்பட்டும் இருக்கும். அதனால், "பட்டை தெரிகிற படத்தை அழித்துவிடுங்கள், வேறு நல்ல படம் அனுப்புகிறோம்" என்று உங்கள் கணவரே குழுவில் எழுதட்டும். சொன்னபடி நல்ல படம் ஒன்றை உடனே அனுப்பவும் வேண்டும். வெறுமனே அழிக்கச் சொன்னால் உறவினர்கள் முகம் சுளிப்பார்கள்.

போன் கேமராவின் அமைப்புகளில் இருப்பிடத்தைப் பதியும் வசதியையும் அணைத்துவிடுங்கள். வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பும்போது அந்தக் குறிப்பு நீங்கிவிடும். அதே படத்தைத் தெளிவு குறையக் கூடாது என்று ஆவணமாக அனுப்பினால், எங்கே எடுத்தது என்ற விவரமும் கூடவே போகும்.

மாமியாரிடம் பேச வேண்டியவர் உங்கள் கணவர்தான். மகன் சொன்னால் அது வீட்டுப் பேச்சு, மருமகள் சொன்னால் அது புகார். அதற்கு முன் நீங்கள் இருவரும் ஒரு முடிவுக்கு வாருங்கள். என் மகள் வீட்டில், முகம் தெரியும் படங்கள் நெருங்கிய உறவினர் எட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு மட்டும்தான் போகும். வெளியே போவதென்றால் பிஞ்சு விரல்களோ, பின்னாலிருந்து எடுத்த படமோதான். எதுவுமே வெளியே போக வேண்டாம் என்று நீங்கள் நினைத்தாலும் அதில் தவறில்லை.

ஒன்றே ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு புதிய படமும் முதலில் உங்கள் மாமியாருக்குப் போகட்டும், மற்றவர்களுக்கு அப்புறம். என் மகள் அப்படித்தான் செய்தாள். தினமும் மாலையில் ஒரு படம், எனக்கு மட்டும். அதை யாருக்கும் அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.